பெயருக்கு யார் பிணை? அழைப்பாளர் அடையாளமும் பொதி மேலாளரும்

தொலைபேசி மணி ஒலிக்கையில் எழும் முதற்கேள்வி, ‘அழைப்பது யார்?’ என்பது. கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போதும் ‘இதை அனுப்பியவர் யார்?’ என்றே முதலில் கேட்க வேண்டும். இவ்விரு கேள்விகளின் வரலாறுகளும் தனித்தனியே பேசப்படுவது வழக்கம். வீட்டுத் தொலைபேசிக்கு வரும் அழைப்பு விவரத்தைக் கணினிகளுக்கு அறிவிக்கும் ‘என்சிஐடி’ என்னும் கட்டற்ற மென்பொருளில் அவை ஒன்றையொன்று சந்திக்கின்றன.

அழைப்பவரின் எண்ணைத் திரையில் காட்டும் சேவை 1987இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சந்தைக்கு வந்தது. அதன்மீது எழுந்த முதல் எதிர்ப்பு தனியுரிமை சார்ந்தது. பென்சில்வேனிய நீதிமன்றம் ஒன்று 1990இல் இச்சேவை ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்றது. 1992இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எண்ணை வெளிப்படுத்தலாமா என்று வழக்காடியவர்கள், காட்டப்படும் எண் மெய்யானதுதானா என்னும் ஐயத்தை மையப்படுத்தவில்லை. இணைப்பகங்கள் யாவும் தொலைபேசி நிறுவனங்களின் கையில் இருந்த காலம் அது. இணையவழி அழைப்புகள் பரவியபின், வேறொருவரின் எண்ணைத் தன் எண்ணாகக் காட்டுவது எளிதாயிற்று.

என்சிஐடியின் வழங்கி நிரல் மோடம் வழியே எண்ணைப் பெற்று, 3333 என்னும் இணைப்புத்துறை வழியாக வீட்டிலுள்ள பிற கணினிகளுக்கு அனுப்புகிறது. எண்ணுக்குரிய பெயரை வீட்டார் தாமே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். வேண்டாத எண்களை வேறொரு கோப்பில் சேர்க்கலாம். பெயர்ப்பட்டியல் அயல் நிறுவனத்தின் சொத்தாகாமல் வீட்டுக்குள்ளேயே தங்குகிறது.

இத்தகைய நிரலை ஃபெடோரா பயனர் கட்டளைவரியில் ஒரே வரியில் நிறுவலாம். அவ்வரியைத் தொடங்கும் சொல் முன்பு ‘யம்’, 2015க்குப் பின் ‘டிஎன்எஃப்’. சார்பு நிரல்களைத் தேடித் தருவதும், புதிய பதிப்பை ஏற்றுகையில் பயனர் திருத்திய அமைவுக் கோப்புகளை அழியாமல் காப்பதும் ‘பேக்கேஜ் மேனேஜர்’ எனப்படும் பொதி மேலாளரின் பணிகள். அவற்றினும் முதன்மையானது பிணை. பொதியை உருவாக்கியோர் அதில் இலக்கக் கையொப்பம் இடுவர். நிறுவுமுன் அது சரிபார்க்கப்படும். டெபியனில் 2007இல் வெளிவந்த நான்காம் பதிப்பு முதல் ‘ஆப்ட்’ இச்சோதனையைச் செய்துவருகிறது.

விளைவாக ஒரு முரண் தோன்றுகிறது. நிரல் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையொப்பம் சான்று. அந்நிரல் காட்டும் எண்ணுக்கோ சான்று ஏதுமில்லை. அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு எண்ணுக்கு இலக்கக் கையொப்பமிட வேண்டும் என்ற கட்டாயம் 2021இல்தான் வந்தது.

கையொப்பம் மட்டும் போதுமா? போதாது என்பதை ஐதராபாத்தின் அனுபவத்தோடு சேர்த்துச் சிந்திக்கலாம். அங்குள்ள கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் ‘ஸ்வேச்சா’ அமைப்பு, தெலுங்கு மொழியிலான இயங்குதளத்தை வெளியிட்டது. மொழிபெயர்ப்பை வசதி சார்ந்த ஏற்பாடாக மட்டும் கருதுவோர் அதன் அரசியலைத் தவறவிடுகின்றனர். கையொப்பத்தைக் கொண்டு உறுதிப்படுத்த முடியாத பொதியை நிறுவ முயலும்போது பொதி மேலாளர் எச்சரித்து, தொடரலாமா என்று கேட்பதுண்டு. அவ்வெச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமாயின், அம்மொழி அறியாத பயனர் ‘ஒய்’ விசையை அழுத்திக் கடந்துவிடுவார். அவர் தந்த இசைவு வெறும் விசையழுத்தமே. புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்வி பாதுகாப்பாகாது. பொறுப்பைப் பயனர் தலையில் சுமத்தும் சடங்காகவே முடியும்.

இதே கேள்வி இன்று இந்தியத் தொலைபேசியை நோக்கித் திரும்பியுள்ளது. அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் சேவையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இணைப்பு பெறுகையில் வாடிக்கையாளர் விண்ணப்பத்தில் தந்த பெயரே அதற்கு ஆதாரம். விண்ணப்பத்தில் உள்ள பெயர் வேறு, உறவினர் அறிந்த பெயர் வேறு, பேசுபவர் வேறு என்பது குடும்பத்தில் ஒருவர் பெயரிலேயே பல இணைப்புகள் வாங்கும் சமூகத்தில் இயல்பானது. அப்பெயர் எந்த எழுத்தில் தோன்றும் என்பதும் சிறிய கேள்வியன்று. திரையில் ஒரு பெயர் தெரிவதால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது. அதற்குப் பிணை நிற்பவர் யார், அப்பிணையை மக்கள் தம் மொழியில் படித்துச் சோதிக்க முடியுமா என்பவற்றைப் பொறுத்தே அது அமையும்.