பெயர் எங்கே பொருள் பெறுகிறது?

பழைய கடிதமொன்றில் உள்ள 'நேற்று' என்னும் சொல், எழுதிய நாளுக்கு முந்தைய நாளையே குறிக்கும்; படிக்கும் நாளுக்கு முந்தையதை அன்று. நிரலாக்க மொழிகள் இவ்வெளிய விதியை முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா கால்குலஸில், கட்டுண்ட மாறி ஒவ்வொன்றும் எந்த லாம்டாவுக்கு உரியது என்பதை எழுத்தமைப்பே காட்டிவிடும். அக்குறியீட்டை ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்கு எடுத்துக்கொண்டார். அவ்விதியோ உடன் வரவில்லை. தொடக்கக்கால லிஸ்ப், மாறியின் மதிப்பை அழைக்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேடியது. ஜேம்ஸ் ஸ்லேகிள் எழுதிய ஒரு சார்பு இதனால் சரிவர இயங்கவில்லை. இதை வெறும் பிழையென்றே கருதியதாகவும், ஸ்டீவ் ரஸ்ஸல் விரைவில் திருத்திவிடுவார் என நம்பியதாகவும் மெக்கார்த்தி பின்னாளில் பதிவுசெய்தார். ரஸ்ஸல் அமைத்த தீர்வு 'ஃபன்ஆர்க்': சார்பையும் அது பிறந்த சூழலையும் இணைத்தே அனுப்புதல்.

அல்கால் 60 வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அதன் பெயர்வழி அழைப்பில், அனுப்பப்படும் கோவை தேவைப்படும்போதுதான் மதிப்பிடப்படும். அதற்கென பீட்டர் இங்கர்மன் 1961இல் விளக்கிய சிறு துணைநிரலே 'தங்க்'. 'அ + 1' என்னும் கோவை எழுதப்பட்ட இடத்தில் அ = 10 எனவும், மதிப்பிடப்படும் இடத்தில் வேறொரு அ = 50 எனவும் கொள்வோம். எழுதிய இடத்துச் சூழல் உடன் சென்றால் விடை 11, செல்லாவிடில் 51. ஆகவே தாமத மதிப்பீடும் எழுத்துவழி எல்லையும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல.

1964இல் பீட்டர் லாண்டின், கோவையும் சூழலும் சேர்ந்த இவ்விணைக்குக் 'குளோஷர்' எனப் பெயரிட்டார். 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் ஸ்கீம் மொழியை எழுத்துவழி எல்லையின்மீதே அமைத்தனர். அல்காலைப் பயின்றுவந்த சஸ்மனே அத்தேர்வை முன்மொழிந்தார். 1976இல் ஃப்ரீட்மன்–வைஸ் இணையும் ஹெண்டர்சன்–மோரிஸ் இணையும் தனித்தனியே தாமத மதிப்பீட்டுக் கட்டுரைகளை வெளியிட்டன. ஒருமுறை கண்ட விடையைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை வாட்ஸ்வொர்த் 1971லேயே ஆராய்ந்திருந்தார். 1990இல் முதல் அறிக்கை கண்ட ஹாஸ்கெல், இவ்விரு மரபுகளையும் தன் அடித்தளமாகக் கொண்டது.

பிழையெனத் தோன்றியது, உண்மையில் பொருண்மையியல் கேள்வி. பெயரின் பொருள் எழுதிய இடத்திலேயே உறுதிப்பட்டால்தான், மதிப்பிடும் நேரத்தை அச்சமின்றித் தள்ளிப்போட இயலும்.