வயிற்றுக் கொழுப்பு அளவீடு (சீன வயதுவந்தோர்)

வயிற்றுக் கொழுப்பு அளவீடு என்பது வயிற்றுப் பகுதியில் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை நேரடியாகவோ மறைமுகமாகவோ கணித்து, அதன்மூலம் ஒருவரது வளர்சிதைமாற்ற நலத்தை மதிப்பிடும் முறைகளின் தொகுப்பாகும். நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், இதயக் குருதிக்குழாய் நோய்கள் ஆகியவற்றுக்கான இடர்ப்பாட்டை முன்கூட்டியே அறிய இவ்வளவீடுகள் உதவுகின்றன. ஐரோப்பியரை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட எல்லை மதிப்புகள் சீனருக்குப் பொருந்தாமையால், சீன வயதுவந்தோருக்கெனத் தனி எல்லைகளும் தனிச் சுட்டெண்களும் உருவாக்கப்பட்டுள்ளன.

பின்னணி

உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படுவது உடல் திணிவுச் சுட்டெண் ஆகும். இது எடை மிகுதியைக் காட்டுமேயன்றி, அவ்வெடை தசையா கொழுப்பா என்பதையோ, கொழுப்பு உடலில் எங்கே உள்ளது என்பதையோ காட்டாது. கொழுப்பின் அளவைப் போலவே அது சேரும் இடமும் முதன்மையானது என்பதைப் பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947 ஆம் ஆண்டு சுட்டிக்காட்டினார். உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்வோருக்கே நீரிழிவும் தமனித் தடிப்பும் மிகுதியாக வருகின்றன என்பது அவரது கருத்தாகும்.

வயிற்றில் சேரும் கொழுப்பு இருவகைப்படும்.

* தோலடிக் கொழுப்பு: தோலுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் இடையே உள்ளது. விரல்களால் பற்றக்கூடியது.
* உள்ளுறுப்புக் கொழுப்பு: தசைகளுக்கு உட்புறமாகக் குடல் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்துள்ளது. வெளியிலிருந்து தொட்டு உணர இயலாது.

இவ்விரண்டில் உள்ளுறுப்புக் கொழுப்பே வளர்சிதைமாற்றக் கோளாறுகளுடன் நெருங்கிய தொடர்புடையது. இதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்களின் ஒரு பகுதி வாயிற்சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகிறது. இது கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கும், இன்சுலினுக்குக் கல்லீரல் சரியாகச் செயல்விளைவு காட்டாமல் போவதற்கும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மேலும், இக்கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. இன்சுலினுக்குத் துணைபுரியும் அடிப்போனெக்டின் என்னும் இயக்குநீரின் அளவு, உள்ளுறுப்புக் கொழுப்பு மிகும்போது குறைகிறது.

சீனருக்குத் தனி எல்லைகள் தேவைப்படுவதன் காரணம்

கனடாவின் வான்கூவர் பகுதியில் பல இனத்தவரிடையே நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வொன்று, மொத்த உடற்கொழுப்பு ஓரளவைத் தாண்டியபின், அதே அளவு மொத்தக் கொழுப்புடைய ஐரோப்பிய வழியினரைவிடச் சீன வழியினருக்கும் தெற்காசிய வழியினருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. எனவே ஐரோப்பிய அளவுகோலின்படி ஒல்லியாகத் தோன்றும் சீனர் ஒருவருக்கு வளர்சிதைமாற்ற இடர்ப்பாடு மறைந்திருக்கக்கூடும்.

உலக அளவில் உடல் திணிவுச் சுட்டெண் 25 முதல் மிகை எடை எனவும், 30 முதல் உடற்பருமன் எனவும் கொள்ளப்படுகின்றன. சீனாவில் இவை முறையே 24, 28 ஆகும். சீன உடற்பருமன் ஆய்வுக்குழு ஏறத்தாழ 2,40,000 பேரின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2002 இல் இவ்வெல்லைகளை முன்வைத்தது.

அளவிடும் முறைகள்

இடுப்புச் சுற்றளவு

இது மிக எளியதும் செலவு குறைந்ததுமான முறையாகும். பாதங்களைச் சிறிது அகற்றி நேராக நின்று, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவு எடுக்கப்படுகிறது. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுப்புள்ளியில், அளவுநாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். நாடா தோலை அழுத்தக்கூடாது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலேயே அளவு எடுக்கப்படுவதால், இரு முறைகளில் பெற்ற அளவுகளை நேரடியாக ஒப்பிடுதல் தவறாகும். இந்த அளவு தோலடிக் கொழுப்பையும் உள்ளுறுப்புக் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது.

இடுப்பு-உயர விகிதம்

இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுக்கக் கிடைப்பது. பொதுவாக 0.5 எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதாவது இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். குள்ளமானவர்களையும் நெட்டையானவர்களையும் ஒரே சுற்றளவால் மதிப்பிடும் குறை இதில் இல்லை.

படமெடுப்பு முறைகள்

சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றால் வயிற்றின் குறுக்குவெட்டுப் படம் எடுத்து, உள்ளுறுப்புக் கொழுப்பின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிடலாம். இதுவே துல்லியமான முறையாகும். சப்பானில் 100 சதுர செ.மீ. எல்லையாகக் கொள்ளப்படுகிறது. சீனாவின் சாங்காய் நகரில் எம்.ஆர்.ஐ. கொண்டு நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு, சீனருக்கு 80 சதுர செ.மீ. பொருத்தமான எல்லை எனக் கண்டது. அப்பரப்புக்கு இணையான இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 87.5 செ.மீ., பெண்களுக்கு 84.3 செ.மீ. ஆகும். செலவும், சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சும் இருப்பதால் இம்முறைகள் பெருந்திரளான மக்களைச் சோதிக்க ஏற்றவையல்ல.

சீன உள்ளுறுப்புக் கொழுப்புச் சுட்டெண்

இத்தாலிய ஆய்வாளர்கள் 2010 இல் உள்ளுறுப்புக் கொழுப்புச் சுட்டெண் ஒன்றை வெளியிட்டனர். அது ஐரோப்பியரை அடிப்படையாகக் கொண்டதாகையால், சாங்காய் ஆய்வாளர்கள் 2016 இல் சீனருக்கெனப் புதிய சூத்திரத்தை வகுத்தனர்.

ஆண்: −267.93 + (0.68 × வயது) + (0.03 × உடல் திணிவுச் சுட்டெண்) + (4.00 × இடுப்புச் சுற்றளவு) + (22.00 × மடக்கை டிரைகிளிசரைடு) − (16.32 × எச்.டி.எல்.)

பெண்: −187.32 + (1.71 × வயது) + (4.23 × உடல் திணிவுச் சுட்டெண்) + (1.12 × இடுப்புச் சுற்றளவு) + (39.76 × மடக்கை டிரைகிளிசரைடு) − (11.66 × எச்.டி.எல்.)

இங்கு சுற்றளவு செ.மீ. அலகிலும், டிரைகிளிசரைடும் எச்.டி.எல். கொலஸ்டிராலும் லிட்டருக்கு மில்லிமோல் அலகிலும் அமையும். மடக்கையின் அடி 10 ஆகும். ஆண்களின் சூத்திரத்தில் இடுப்புச் சுற்றளவு ஒரு செ.மீ. கூடினால் சுட்டெண் 4 கூடுகிறது, பெண்களில் 1.12 மட்டுமே கூடுகிறது. மாறாக, பெண்களின் சூத்திரத்தில் வயதுக்கும் உடல் திணிவுச் சுட்டெண்ணுக்கும் எடை மிகுதி.

எல்லை மதிப்புகள்

சீனரின் இடுப்புச் சுற்றளவுக்கு வெவ்வேறு அமைப்புகள் வகுத்துள்ள எல்லைகள் வருமாறு:

* உலக சுகாதார அமைப்பின் மேற்குப் பசிபிக் வட்டாரப் பரிந்துரை (2000, ஆசியருக்குப் பொதுவானது): ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ.
* சீன உடற்பருமன் ஆய்வுக்குழு (2002): ஆண் 85 செ.மீ., பெண் 80 செ.மீ.
* அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு (2005): ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ.
* சீன அரசின் சுகாதாரத் துறைத் தரநிலை (2013): ஆண் 90 செ.மீ., பெண் 85 செ.மீ. ஆண்களில் 85 முதல் 90 வரையும் பெண்களில் 80 முதல் 85 வரையும் வயிற்றுப் பருமனின் முன்நிலை எனப்படும்.

அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு ஐரோப்பிய ஆண்களுக்கு வகுத்த எல்லை 94 செ.மீ. என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

எடுத்துக்காட்டு

50 வயதுடைய சீன ஆண் ஒருவரின் உயரம் 170 செ.மீ., எடை 68 கி.கி., இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ., டிரைகிளிசரைடு 1.7, எச்.டி.எல். 1.1 எனக் கொள்வோம். அவரது உடல் திணிவுச் சுட்டெண் 23.5 ஆகும். இது சீன எல்லையின்படியும் இயல்பானதே. 2005 எல்லையின்படி அவருக்கு வயிற்றுப் பருமன் இல்லை. 2002 எல்லையின்படி உண்டு. 2013 தரநிலையின்படி அவர் முன்நிலையில் உள்ளார். இடுப்பு-உயர விகிதமோ 0.52, அதாவது எல்லையைக் கடந்துள்ளது. அவரது சீன உள்ளுறுப்புக் கொழுப்புச் சுட்டெண் ஏறத்தாழ 106. மற்றவை மாறாமல் இடுப்புச் சுற்றளவு மட்டும் 80 செ.மீ. ஆக இருப்பின் அது 74 ஆகக் குறையும். எடையை மட்டும் நோக்கும் பரிசோதனையில் இவர் எவ்வித எச்சரிக்கையும் பெறாமல் திரும்பிவிடுவார்.

பயன்பாடும் வரம்புகளும்

2009 இல் பல அனைத்துலக அமைப்புகள் இணைந்து வெளியிட்ட வரையறையின்படி, இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., குருதி அழுத்தம், வெறும்வயிற்றுக் குருதிச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று பிறழ்ந்திருந்தால் அது வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி எனப்படும். எனவே இடுப்புச் சுற்றளவின் எல்லையை மாற்றினால், எவ்வளவு பேர் நோயுற்றோர் எனக் கணக்கிடப்படுவர் என்பதும் மாறும். எல்லையைத் தாழ்த்தினால் நலமானோர் பலரும் பட்டியலில் சேர்வர். உயர்த்தினால் இடர்ப்பாடுடையோர் சிலர் தவறவிடப்படுவர்.

சீன உள்ளுறுப்புக் கொழுப்புச் சுட்டெண்ணுக்குக் குருதிப் பரிசோதனை தேவை. அது சீனரின் தரவுகளிலிருந்து பெறப்பட்டதாகையால், வேறு இனத்தவருக்குத் தனியே சரிபார்க்காமல் பயன்படுத்தலாகாது. இவ்வளவீடுகள் யாவும் இடர்ப்பாட்டைச் சுட்டுவனவேயன்றி, நோயை உறுதிசெய்வன அல்ல. நீரிழிவை உறுதிசெய்யக் குருதிச் சர்க்கரைப் பரிசோதனையே வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* உடல் திணிவுச் சுட்டெண்
* உடற்பருமன்
* நீரிழிவு நோய்
* இன்சுலின்