சம்மட்டியும் அண்டைச் சுவரும்

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் பாலாற்றை அடுத்துள்ள ஊர் ஓரிக்கை. பெருமாள் ஓரிரவு தங்கியமையால் ‘ஓரிருக்கை’ என வழங்கிப் பின்னர் ஓரிக்கை ஆயிற்றென்பது வைணவ மரபு. ஓர் இருக்கைக்கு இடம் தந்ததால் பெயர் பெற்ற அவ்வூரிலும் அதனையொத்த ஊர்களிலும் வீடுகள் நெருங்கிவிட்ட இக்காலத்தில், சிறு கொல்லுப்பட்டறை நடத்துவோர் இடத்தைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ‘பவர் ஹாமர்’ எனப்படும் விசைச் சம்மட்டியை எங்கே நிறுத்துவது என்பது அவர்தம் கேள்வி. எளிய கேள்வி போல் தோன்றும் இதற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

முதலில் பட்டறையை நோக்குவோம். கொல்லர் காய்ச்சிய இரும்பைக் குறட்டால் பிடித்துச் சிறு சுத்தியலால் இடத்தைக் காட்ட, எதிரே நிற்பவர் சம்மட்டியை ஓங்கி அடிப்பார். நம் நாட்டுப்புறங்களில் அவ்வாறு எதிரே நிற்பவர் பெரும்பாலும் கொல்லரின் மனைவியே. ஓங்கிய சம்மட்டி பின்னே சுழன்று தலைக்குமேல் எழுந்து வருவதற்குத் தாராளமான வெளி வேண்டும். விசைச் சம்மட்டிக்கோ அந்தச் சுழற்சி தேவையில்லை. மோட்டார் சுழல, தலைக்கட்டை நின்ற இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ஆகவே தரையளவில் அது இடத்தை மிச்சப்படுத்துவதாகவே தோன்றும். எனினும் அதைச் சுவரோரம் ஒதுக்கிவிட இயலாது. ஐந்தடிக் கடப்பாரையை அடித்து நீட்ட வேண்டுமாயின் இருபுறமும் இரும்பு போய்வர வழி வேண்டும். உலைக்கும் அதற்கும் இடையே இரண்டு மூன்று எட்டுகளுக்கு மேல் இருந்தால் இரும்பு வழியிலேயே ஆறிப்போகும். கம்பி இயந்திரத்தின் தூணில் முட்டாதிருப்பதற்காகவே, மேலும் கீழுமுள்ள அடிகட்டைகளை மூலைவாட்டமாகப் பொருத்தும் முறையைச் சில இயந்திரக்காரர்கள் கண்டனர்.

மனிதக் கையை விட்டுச் சம்மட்டி விலகியது இன்று நேற்றன்று. பொற்கனியைத் தண்ணீர் விசையால் இயங்கும் உலக்கைகள் இடித்ததையும், ஸமர்கந்தில் காகிதம் செய்வதற்கு நார் அவ்வாறே இடிக்கப்பட்டதையும் 11ஆம் நூற்றாண்டில் பேரறிஞர் அல்பீரூனி தமது ‘அல்ஜமாஹிர்’ நூலில் குறித்துள்ளார். ஆனால் தண்ணீர்ச் சம்மட்டி ஆற்றோரத்தை விட்டு அகல முடியாது. ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் நீராவிச் சம்மட்டிக்கு வரைபடம் தீட்டினார். 1842இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் காட்டிய அதே பொறி, அடுத்த அடியில் கட்டடத்தையே அதிரச் செய்யுமாம். மக்கள் முட்டையை வியந்தார்கள். நமக்கோ கட்டடம் அதிர்ந்ததே முக்கியமாகப் படுகிறது. பின்னர் மின்மோட்டார் வந்தது. ஆலைக்குரிய விசை குறுந்தெருவுக்குள் புகுந்தது அதன் பிறகே.

முன்னோர் இந்தத் தொல்லையை ஊரமைப்பிலேயே தீர்க்க முயன்றனர். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலத்தில் வரி நீக்கப்பட்ட பகுதிகளுள் கம்மாணச்சேரியையும் எண்ணுகின்றன. கம்மியர்க்குத் தனி இடம் இருந்ததென்பது இதனால் விளங்கும். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, கடைத்தெருக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுவோர், சமைப்போர், கொல்லர் போன்று நெருப்பு மூட்டித் தொழில் செய்வோரை அத்தர்க் கடைகளிலிருந்தும் துணிக்கடைகளிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்கிறார். இன்று அப்படித் தள்ளி வைப்பதற்கு இடம் எங்கே? உலையும் பட்டுத்தறியும் ஒரே சுவரின் இருபுறமும் இருக்க நேர்கிறது.

சுவர் பொதுவானபின் என்ன செய்வது என்பதைப் பிறரினும் நுணுக்கமாக ஆராய்ந்தவர், நாம் அறிந்தவரை, தூனிஸ் நகரத்து இப்னுர் ராமீ. 14ஆம் நூற்றாண்டினர், தொழிலால் கட்டடக் கொத்தர், காஜிமார்களுக்குக் கட்டட வழக்குகளில் கருத்துரைத்தவர். ‘அல்-இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்னும் அவரது நூல், பிறர்க்குத் தீங்கிழைப்பதைத் தடுக்கும் நபிமொழியை அடித்தளமாகக் கொண்டு புகை, நாற்றம், ஓசை, அதிர்வு ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோடுகிறது. ஒருவர் தம் வீட்டில் திரிகை அமைக்க, அண்டை வீட்டார் சுவர் அதிர்கிறதென்று முறையிட்டால் எவ்வாறு தீர்ப்பது? ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, இடையிலுள்ள சுவரை ஒட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, அதன்மேல் உலர்ந்த கொத்துமல்லி விதைகளை வைக்க வேண்டும். பின் திரிகையை ஓட்ட வேண்டும். விதைகள் ஆடினால் திரிகையை அகற்றச் சொல்ல வேண்டும். ஆடாவிட்டால் முறையிட்டவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இருவரின் வாய்ச்சொல்லையும் விலக்கிவிட்டு விதையைச் சாட்சியாக நிறுத்திய அந்தக் கொத்தரின் அறிவை எவ்வளவு பாராட்டினும் தகும்.

ஆங்கில நீதிமன்றம் இதே வழக்கை 1879இல் சந்தித்தது. லண்டனில் இனிப்புப் பண்டம் செய்பவர் ஒருவர் இருபதாண்டுகளுக்கு மேலாக உரலில் இடித்து வந்தார். அடுத்த மனையிலிருந்த மருத்துவர் அந்தச் சமையற்கட்டின் சுவரை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டிக்கொண்டு, பின்பு ஓசையும் அதிர்வும் தாளவில்லையென்று வழக்குத் தொடுத்தார். மருத்துவரே வென்றார். பழமை உரலுக்குத் துணை நிற்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து வந்த 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டமும், ஓசையாலோ அதிர்வாலோ வீட்டுக்காரரின் உடல் சௌகரியம் அளவுகடந்து குலையாதிருக்கும் உரிமையை எடுத்துக்காட்டுடன் கூறுகிறது. சென்னை மாகாணத்திற்கு அது தொடக்கத்திலேயே பொருந்தியது. எனவே ஓரிக்கையின் சுவருக்கும் அதுவே சட்டம்.

இவ்வழக்குகளிலெல்லாம் இருவரே நிற்கின்றனர்: தொழில் செய்பவர் ஒருவர், அண்டை வீட்டார் ஒருவர். பட்டறையிலோ மூன்றாமவரும் இருக்கிறார். இயந்திரத்தை அகற்றுக என்று தீர்ப்பானால் சம்மட்டி மீண்டும் அந்தப் பெண்ணின் தோளுக்கே திரும்பும். ஆதலால் அகற்றச் சொல்லுமுன் அடித்தளத்தைப் பார்ப்பதே நீதி என்பது நம் கருத்து. அடி முழுவதும் இரும்பில் தங்குவதில்லை; எஞ்சியது கீழே மண்ணுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. தலைக்கட்டையைப்போல் பத்து மடங்கேனும் எடையுள்ள பட்டறைக்கல் அடியில் வேண்டும். இருபத்தைந்து கிலோ தலைக்கு இருநூற்றைம்பது கிலோ என்று கொள்க. அதன்கீழ் கனத்த மரக்கட்டை, அதன்கீழ் காங்கிரீட். அக்காங்கிரீட் தரையோடும் சுவரோடும் ஒட்டாதவாறு சுற்றிலும் இடைவெளி. காஞ்சி நெசவாளர் சிறு வீட்டில் குழி தோண்டித் தறிக்கு இடம் கண்டதைப் போல, இங்கும் பக்கத்தில் இல்லாத இடத்தைக் கீழே தேட வேண்டியிருக்கிறது. செலவு உண்டுதான். அதற்கு இயலாதவர் சிறிய தலையுள்ள இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

இயந்திரத்தைப் பூட்டிய பிறகே பலர் அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்க்கின்றனர். குழி தோண்டுமுன்னரே, நினைத்த மூலையில் பட்டறைக்கல்லை வைத்துச் சிறிது நேரம் கைச் சம்மட்டியால் அடிக்கலாம். அவ்வேளை சுவரின் அப்புறம் காகிதத்தையும் கொத்துமல்லியையும் தொங்கவிட அண்டை வீட்டாரையே கேட்டுக்கொள்ளலாம். விசைச் சம்மட்டியின் முழு அதிர்வை அது காட்டாவிட்டாலும், எந்த மூலையில் விதை குறைவாக ஆடுகிறது என்பதை இரு வீட்டாரும் ஒருங்கே காண்பர்.