கத்தியும் ஊசியும்

மாதந்தோறும் பெண்கள் படும் வேதனையைப் "பெண்ணாய்ப் பிறந்தவள் அனுபவிக்க வேண்டியதே" என்று தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். ஜோகூர் மாநிலத்துச் செடெனாக் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக்கு நின்று பால்மரம் சீவியும், பிற்காலத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியும் பிழைத்த நம் தாய்மார்க்கு, அவ்வேதனையைச் சொல்லவும் வாயில்லை. ஒரு நாள் படுத்தால் அன்றைக் கூலி இல்லை. சொல்லாத நோய்க்கு மருந்து தேடுவார் யார்? ஆகவே, இந்நோய்க்கு உலகம் மருந்து கண்ட வரலாற்றை நாம் அறிதல் அவசியமாகும்.

கருப்பையின் உட்புறத்தை மூடிய சவ்வு மாதந்தோறும் வளர்ந்து உதிர்கிறது. அதனையொத்த சவ்வு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலையொட்டியும் முளைப்பது எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை இது வாட்டுகிறது. கருப்பைச் சதையில் தோன்றும் நார்க்கட்டியோ பலருக்குப் பெரும்பாட்டை உண்டாக்கி இரத்தத்தை வற்றச் செய்கிறது. இரண்டும், சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனால் வளர்வன.

இவ்வுண்மை விளங்காத காலத்தில் வைத்தியர் கத்தியை நம்பினர். 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாட்டியும், அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹெகாரும், மாத நோய் தீரச் சூலகங்களை அறுத்தெடுத்தனர். அவ்வழக்கம் விரைந்து பரவிற்று. வலிக்கு மட்டுமன்று, பிறர் "பித்து" என்று பெயரிட்டதற்கும் நோயற்ற சூலகங்கள் பலியாயின. இளம்பெண்ணை ஒரே நாளில் மூப்பெய்தச் செய்த இக்கொடுமையை வைத்தியம் என்றழைத்தனரே, என்னே விந்தை!

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவில் குனாவர், ஹல்பான் ஆகியோர், சூலகம் இரத்தத்தின் வழியே ஏதோவொரு சாற்றை அனுப்புகிறது என்று விலங்குகளில் மெய்ப்பித்தனர். 1929-இல் அச்சாற்றில் ஒன்று தூய பொருளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர், சூலகத்தை ஏவும் பிட்யூட்டரிச் சுரப்பியையும் ஏவுவது மூளையே என்பது தெளிவாயிற்று. பன்றி மூளைகளை ஆராய்ந்த ஷாலியும், ஆட்டு மூளைகளை ஆராய்ந்த கில்மினும், அவ்வேவற்பொருளின் அமைப்பை 1971-ஐ ஒட்டிக் கண்டனர். 1977-இல் நோபல் பரிசும் பெற்றனர். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது.

ஆனால் வியப்பு இனித்தான். 1978-இல் நோபிலும் கூட்டாளிகளும் குரங்குகளுக்கு இப்பொருளை மணிக்கொரு முறை செலுத்தினர்; பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாது செலுத்தினர், அது ஓய்ந்தது. கதவை விட்டுவிட்டுத் தட்டினால் வீட்டார் எழுந்து வருவர்; ஓயாது தட்டினாலோ, கேளாதவர் போலிருந்துவிடுவர். ஏவும் பொருளே அடக்கும் பொருளுமாயிற்று! கத்தியின்றிச் சூலகத்துக்கு ஓய்வளிக்க வழி பிறந்தது. மருந்தை நிறுத்தினால் சூலகம் மீண்டும் விழிக்கும்.

1976-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டானசோல் மாத்திரை வலியைத் தணித்தது. எனினும் சிலருக்கு முகத்தில் மயிர் முளைத்தது, குரல் தடித்தது. லியூப்ரோலைடு ஊசி அங்கே 1985-இல் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கும், 1990-இல் எண்டோமெட்ரியோசிஸுக்கும் அனுமதி பெற்றது. 2018-இல் எலகோலிக்ஸ் மாத்திரை வந்தது.

இவற்றைச் சஞ்சீவி என்று கொள்ளற்க. ஈஸ்ட்ரோஜன் குன்றினால் உடல் கொதிக்கும், உறக்கம் கெடும், எலும்பு தேயும். ஆகையால் தனியே கொடுக்கும் ஊசியைப் பெரும்பாலும் ஆறு மாதத்தோடு நிறுத்துவர். நீட்டிக்க வேண்டின், எலும்பைக் காக்கச் சிறிதளவு ஹார்மோனைத் திரும்பச் சேர்த்துக் கொடுப்பர். மருந்தை நிறுத்தியபின் நோய் பலருக்குத் திரும்புவதும் உண்டு. எளிய கருத்தடை மாத்திரைகளே போதுமானவர்களும் பலர்.

இந்நன்மையும் தீமையும் நோயாளியின் காதில் விழுந்த பின்னரே ஊசி ஏறவேண்டும். அன்று பெண்ணைக் கேளாமல் கத்தி எடுத்ததற்கும், இன்று அவளுக்கு விளக்காமல் ஊசி போடுவதற்கும் பேதம் சிறிதே. வலியை வெட்கம் என்று மறைக்கும் வழக்கம் ஒழிந்தாலன்றி, விஞ்ஞானம் கண்ட மருந்து மருந்துக்கடையிலேயே கிடக்கும். தாய் மகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது பொறுமையன்று. வாய்திறந்து சொல்லும் துணிவேயாகும்.