பழைய ஸ்பீக்கரோட சப்வூஃபர் சேருமா? காசு போடும் முன் குமரி மாவட்ட வீடுகள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு குமரி மாவட்டத்தில் குறைவு. லீவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்டீரியோ செட்டும் ஹோம் தியேட்டரும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பல வீட்டு ஹாலில் இன்னமும் இருக்கு. பாட்டு கேட்கும், ஆனா 'அடி' இருக்காது. உடனே வரும் யோசனை, பெரிய சப்வூஃபர் ஒன்று வாங்கிப் போட்டா என்ன என்பதுதான். போடலாம். ஆனா பெட்டி எவ்வளவு பெரிசு என்பதைவிட, அது ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரோடு எப்படிச் சேருது என்பதில்தான் காசு நிற்குது.

சப்வூஃபர் வேலை என்ன?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க லேப் தேவையில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருந்தாலே போதும். உடுக்கையும் ஜால்ராவும் மேலே ஒலிக்க, குடத்தின் வாயில் தட்டும்போது ஒரு 'கும்' அடியில் இருந்து வரும். குடத்துக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிய, வாய்ப் பக்கத்துக் காற்று உள்ளேயும் வெளியேயும் ஆடுவதால் வரும் ஓசை அது. இந்தத் தத்துவத்துக்கு 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். சப்வூஃபர் பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கே, அது அலங்காரம் இல்லை. குடத்தின் வாய் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யுது. ஓட்டை இல்லாத மூடின பெட்டிகளும் உண்டு. அவை பொதுவா கொஞ்சம் அடக்கமா, துல்லியமா ஒலிக்கும்.

மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. 4 அல்லது 5 இன்ச் கோன் இருக்கும் ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் மூச்சு வாங்கும். ஆனா பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இளையராஜா பாட்டுகளில் அந்த கிட்டார் தனியா ஒரு பாட்டே பாடிட்டுப் போகும். சின்ன ஸ்பீக்கரில் அதன் கீழ்ப்பாதி காணாமப் போயிடுது. அந்த இடத்தை நிரப்புவது மட்டும்தான் சப்வூஃபர் வேலை. குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் அப்பவும் பழைய ஸ்பீக்கரில் இருந்துதான் வரும்.

அதனால முதலில் ஸ்பீக்கரைப் பாருங்க

கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தை விரலால் மெதுவா தொட்டுப் பாருங்க. பழைய ஸ்பீக்கர்களில் இது ஸ்பாஞ்ச் மாதிரியான ஃபோமில் இருக்கும். 10, 15 வருஷத்தில் உளுத்து, தொட்டா பொடியா உதிரும். தென்மேற்கு, வடகிழக்கு என ரெண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது, ஈரப்பதம் அதை இன்னும் சீக்கிரம் தின்னும். கோன் கிழியலைன்னா வளையத்தை மட்டும் மாத்தினா போதும். ரப்பர் வளையமா போட்டா நீண்ட நாள் நிற்கும்.

குளச்சல், கன்னியாகுமரி மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் இன்னொரு வில்லன் உப்புக்காற்று. ஸ்பீக்கர் வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா, அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுசா சீவி மாட்டுங்க. கரகரப்பு, ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டுக் கேட்பது போன்ற புகார்கள் சில சமயம் இதிலேயே தீர்ந்துடும்.

இன்னொன்று, வாட்ஸ். பழைய செட்டுகளில் ஒட்டியிருக்கும் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' ஸ்டிக்கரை மறந்துடுங்க. அது கண் இமைக்கும் நேரத்துக்கு வரக்கூடும் என்று கணக்குப் போட்ட எண். தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ் வாட்ஸ். அமெரிக்காவில் இந்த மாதிரி ஊதிய எண்களைக் கட்டுப்படுத்த 1974-லேயே விதி வந்தாச்சு. மேலும், வாட்ஸை இரட்டிப்பாக்கினா கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோணவே சுமார் 10 டெசிபல் கூடணும். கோன் அளவு அதைவிட நல்ல அடையாளம். 8 இன்ச்சைவிட 12 இன்ச் கோனின் பரப்பு இரண்டேகால் மடங்கு.

ஒரே பெட்டியில் வந்த 5.1 ஹோம் தியேட்டர் செட்டா? அதைப் பிரித்து மேய வேண்டாம். அதன் குட்டி ஸ்பீக்கர்கள் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் திணறும் என்பதால், மீதியை அந்த செட்டின் சப்வூஃபரே தாங்குது. பல செட்டுகளில் சப்வூஃபருக்குள் தனி ஆம்ப்ளிஃபயரும் இருக்காது. ஸ்பீக்கர்கள் 3, 4 ஓம்ஸ் அளவில் இருக்கும். அவற்றை 6 அல்லது 8 ஓம்ஸுக்குச் செய்த வேறு ஆம்ப்ளிஃபயரில் மாட்டினா அது சூடேறிப் பழுதாகலாம். பின்பக்க எண்ணைப் பார்க்காம எதையும் மாத்தாதீங்க. அமெரிக்காவில் இருந்து வந்த செட்டில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தா, ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம 230 வோல்ட்டில் சொருகவே கூடாது.

எப்படி இணைப்பது?

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 'சப் அவுட்' இருந்தா வேலை சுலபம், ஒரே கேபிள். கடையில் அசெம்பிள் பண்ணின பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் அது இருக்காது. அதுக்காக ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போட வேண்டாம். 'ஹை லெவல் இன்புட்' உள்ள, தனி ஆம்ப்ளிஃபயரோடு வரும் சப்வூஃபராப் பார்த்து வாங்குங்க. ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் இருந்தே அதுக்கும் வயர் எடுக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை ஏறாது.

சப்வூஃபர் பின்னால் மூணு கண்ட்ரோல் இருக்கும். 'கிராஸ்ஓவர்' என்பது எந்த இடத்தில் இருந்து சப்வூஃபர் பொறுப்பேற்கணும் என்று சொல்வது. 80 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கலாம். அதுக்குக் கீழே உள்ள ஓசை எந்தத் திசையில் இருந்து வருதுன்னு காதுக்குப் பிடிபடாது. ரொம்ப ஏத்தினா ஆண் குரலே மூலையில் இருந்து வர ஆரம்பிக்கும். 'ஃபேஸ்' சுவிட்சை 0, 180 என்று மாத்தி மாத்தி வைத்துக் கேளுங்க, எதில் பேஸ் நிறைவா இருக்கோ அதுதான் சரி. வால்யூமைப் பூஜ்யத்தில் இருந்து மெல்ல ஏத்துங்க. சப்வூஃபர் தனியா ஓடுதுன்னு கவனம் போனா, கொஞ்சம் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். வாங்கின புதுசில் யாரும் இதைக் கேட்கிறதில்லை.

மூலையில் வைக்கலாமா?

நம்ம ஊரில் எங்கே இடம் இருக்கோ அங்கேதான் வைப்போம், பெரும்பாலும் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலை. மூலையில் பேஸ் கூடும், ஆனா கொழகொழன்னு ஆகும். 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஓசை சுவருக்குச் சுவர் மோதி, சுவர் ஓரத்தில் வீங்கியும் நடு ஹாலில் காணாமலும் போகும். வழி சிரிப்பாத் தோணும், ஆனா பலன் தரும். நீங்க உட்காரும் சேரில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து சுவரோரமா சுற்றி வாங்க. எங்கே பேஸ் தெளிவாக் கேட்குதோ அங்கே பெட்டியை வைங்க.

பழைய ஓட்டு வீட்டில் பேஸ் கூரை வழியா வெளியே கசிந்துடும். கான்கிரீட் வீட்டில் உள்ளேயே சுற்றும். டைல்ஸ் தரையில் பெட்டி அதிர்ந்து கடகடன்னா அடியில் ரப்பர் துண்டு வைங்க. குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பருக்குப் பஞ்சமா என்ன?

பக்கத்து வீடு

திரைச்சீலை, மெத்தை எதுவும் பேஸைத் தடுக்காது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். வீட்டு ஆடியோ செட்டின் சத்தம், உங்க இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. இந்த அளவீடு காதின் இயல்புக்கு ஏற்ப ஆழ்ந்த ஓசையைக் குறைத்தே கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் மட்டும் சுமார் 30 டெசிபல் கழிந்துபோகும். அதனால மீட்டரில் எண் கம்மியா காட்டும்போதே பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி அதிரலாம். ராத்திரி 10 மணிக்கு மேல சப்வூஃபர் சுவிட்சை மட்டும் அணைத்தா போதும், பாட்டு ஸ்பீக்கரில் ஓடிட்டே இருக்கும்.