மனச்சோர்வு: போனை வைத்துவிட்டு ஒருவரை நேரில் பார்ப்பது ஏன் முக்கியம்? முழு விளக்கம்

"யாரையும் பார்க்கப் பிடிக்கல, எங்கேயும் போகத் தோணல." மனச்சோர்வில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான். இது சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல, நோயின் அறிகுறி. ஆனால் இப்படி ஒதுங்க ஒதுங்க நோயும் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் சிக்கல்.

எப்போது மனச்சோர்வு எனலாம்?

கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் பெரும்பாலான நாட்களில், 2 வாரங்களுக்கு மேல் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போனாலோ கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுவது, பசி மாறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இதை அனுபவிக்கிறார் என்கிறது பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு. இவர்களில் பெரும்பாலானோருக்கு சிகிச்சை கிடைப்பதில்லை.

நேரில் பழகுவதால் என்ன மாறும்?

வெளியே போகாவிட்டால் மனசுக்கு இதம் தரும் அனுபவங்கள் குறையும். அவை குறைந்தால் சோர்வு கூடும். சோர்வு கூடினால் இன்னும் ஒதுங்கத் தோன்றும். இந்தச் சுழலை உடைப்பதே ஒரு சிகிச்சை முறை. "மனசு சரியானதும் வெளியே போகலாம்" என்று காத்திருக்காமல், முதலில் சின்னதாக ஒரு வேலையைச் செய்வது, மனசு பின்னால் வரும் என்பதே இதன் அடிப்படை.

கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்காத்' அமைப்பு இதைச் சோதித்தது. கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே 6 முதல் 8 முறை பேசினர். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. 3 மாதங்களில் அந்தப் பிரிவில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39%.

சின்ன ஊரில் எப்படித் தொடங்குவது?

திருத்தணி அருகே உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதுவே பலம், அதுவே தயக்கமும்கூட. "ஏன் இப்படி டல்லா இருக்க?" என்ற கேள்விக்குப் பயந்தே பலர் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். அதனால்:

• ஊருக்கே சொல்ல வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம், "மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் கூட இரு" என்றால் போதும்.

• தினமும் ஒரே நேரத்தில் 10 நிமிடம் வெளியே போங்கள். டீக்கடை, காய்கறிக் கடை எதுவானாலும் சரி.

• பேச முடியாவிட்டால் சேர்ந்து வேலை செய்யலாம். பூ கட்டுவது, தறி வேலையில் உதவுவது, நடப்பது எல்லாமே உறவுதான்.

• ஒருநாள் முடியாமல் போனால் மறுநாள் தொடருங்கள்.

கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"எல்லாம் உன் நினைப்புதான்", "கோயிலுக்குப் போனா சரியாயிடும்" என்பவை, "இது என் தப்புதான்" என்ற எண்ணத்தையே வளர்க்கும். மலைக்கோயிலுக்குத் துணையாகக் கூட்டிப் போவது நல்லதுதான். ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. வாட்ஸ்அப்பில் "எப்படி இருக்கே?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி, சொன்னபடி போய் நில்லுங்கள். மருத்துவமனைக்கும் கூடவே போங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, திருத்தணி அரசு மருத்துவமனையிலோ முதலில் கேட்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். ஆந்திர எல்லைப் பகுதி மக்கள் தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம். உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தமிழக அரசின் 104, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களையும் அழைக்கலாம்.