கோழி இல்லாத புத்தாண்டு

1998ஆம் ஆண்டின் சீனப் புத்தாண்டு ஜனவரி 28 அன்று பிறந்தது. அன்று ஹாங்காங் சந்தைகளில் உயிர்க்கோழி ஒன்றுகூட இல்லை. தலையும் காலும் வெட்டாமல் முழுசாக அவித்த கோழியை முன்னோருக்குப் படைத்துவிட்டு, அதையே துண்டு போட்டு இஞ்சியும் வெங்காயத்தாளும் கலந்த எண்ணெயில் தொட்டுச் சாப்பிடாமல் கான்டனீஸ் வீடுகளில் பண்டிகை கிடையாது. கோழி இல்லாத விருந்தை அவர்கள் விருந்தென்றே சேர்க்கமாட்டார்கள். அந்த முறை உறைய வைத்த கோழிதான் கிடைத்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

காரணம் ஒரு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. டிசம்பர் 29 அன்று தொடங்கிச் சில நாட்களுக்குள், நகரத்தில் இருந்த கோழிகள் அத்தனையையும் அரசாங்கம் கொன்று தீர்த்திருந்தது. ஏறத்தாழ 13 லட்சம் பறவைகள்.

அதற்கு முந்தைய ஹாங்காங் சந்தை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இந்த முடிவின் கனம் புரியும். நம்மூர் கறிக்கடை வாசலில் ஒரு கூண்டு இருக்கும். அங்கே கூண்டின்மேல் கூண்டாக ஆள் உயரத்துக்கு அடுக்கு. ஓர் அடுக்கில் கோழி, இன்னொன்றில் வாத்து, பெருவாத்து, காடை, புறா. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டில் விழும். வாங்க வருகிறவர் கோழியைக் கையில் எடுத்து, பின்புற இறகை வாயால் ஊதி விலக்கி, தோலின் நிறத்தையும் கொழுப்பையும் பார்ப்பார். பிடித்துவிட்டால் காலில் ஓர் எண் வில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கோழி வெந்நீரில் முங்கி, இறகு உதிர்ந்து, பையில் தயாராக இருக்கும். விற்காதவை இரவில் அங்கேயே தங்கும். மறுநாள் காலை புதிய சரக்கு வந்து அவற்றோடு சேரும். நகரத்துக்கு வேண்டிய கோழிகளில் பெரும்பகுதி எல்லை தாண்டி குவாங்டாங் மாகாணத்திலிருந்துதான் வந்தது.

1996இல் அதே குவாங்டாங்கில் ஒரு பெருவாத்துப் பண்ணையில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பிடிபட்டது. வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹாங்காங்கின் நியூ டெரிடரீஸ் பகுதிப் பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து இறந்தான். அவன் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் இன்ஃபுளுவென்சா இருந்தது. ஆனால் மனிதக் காய்ச்சல் வகைகளைக் கண்டறிய வைத்திருந்த எந்த வேதிப்பொருளுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. மாதிரி அட்லாண்டா, லண்டன், ராட்டர்டாம் ஆய்வகங்களுக்குப் போனது. ஆகஸ்டில் வந்த விடை, எச்5என்1. அதை விஞ்ஞானிகளே முதலில் நம்பவில்லை. ஆய்வகத்தில் ஏதோ கலப்படம் நேர்ந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். கோழியைக் கொல்லும் வைரஸ் நேரடியாக மனிதனைக் கொல்லும் என்பது அதுவரை பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி.

ஒருவர் மட்டும் அவ்வளவாக வியந்திருக்கமாட்டார். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் கென்னடி ஷார்ட்ரிட்ஜ், தென்சீனத்தின் வாத்துகளிலும் கோழிகளிலும் 1970களிலிருந்தே இன்ஃபுளுவென்சாவைத் தேடிக்கொண்டிருந்தவர். மனிதரும் வாத்தும் பன்றியும் நெருக்கியடித்து வாழும் அந்த மண்ணிலிருந்து அடுத்த பெருந்தொற்று கிளம்பலாம் என்று 1982லேயே எழுதியிருந்தார்.

நவம்பரில் நோய் மறுபடியும் ஆரம்பித்தது. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேருக்கு நோய். அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். பிரிட்டன் ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்துச் சில மாதங்களே ஆகியிருந்ததால் புதிய நிர்வாகத்துக்கு இது முதல் பெரிய சோதனை. சுகாதார இயக்குநர் மார்கரெட் சான், தான் தினமும் கோழி சாப்பிடுவதாகச் சொல்லி மக்களைத் தேற்றப் பார்த்துக் கேலிக்கு ஆளானார். (பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைவரானவர் இவர்.) ஷார்ட்ரிட்ஜும் அமெரிக்காவிலிருந்து வந்த இன்ஃபுளுவென்சா ஆய்வாளர் ராபர்ட் வெப்ஸ்டரும் சந்தைக் கோழிகளின் எச்சத்தைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் வைரஸ் இருந்தது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அழிப்பு வேலை அழகாக நடக்கவில்லை. கோழியைப் பிடித்தே பழகாத அரசு ஊழியர்கள் கையுறை மாட்டிக்கொண்டு பண்ணைகளில் இறங்கினார்கள். கத்தியும் கரியமில வாயுவும் கருவிகள். அள்ளப்படாமல் கிடந்த பிளாஸ்டிக் பைகளை நாயும் எலியும் கிழித்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. ஆனாலும் பலன் கிடைத்தது: அந்த அலையில் அதன்பின் புதிதாக யாரும் நோயில் விழவில்லை.

வைரஸின் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தபோது சந்தையின் அமைப்பே அதில் தெரிந்தது. அதன் சில பகுதிகள் பெருவாத்து வைரஸிலிருந்து வந்தவை. வேறு சில, காடைகளில் சுற்றிய இன்னொரு வைரஸை ஒத்திருந்தன. வாத்து பல நேரம் நோயின் அறிகுறியே காட்டாமல் வைரஸைச் சுமக்கும். கோழிக்கு அதே வைரஸ் ஓரிரு நாளில் எமன். எல்லா உறுப்புகளிலும் பரவி, கொண்டை நீலம் பாரித்துச் சாகும். மனிதரிடம் இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் நுரையீரலின் அடியாழத்தில் இருக்கின்றன. அதனால் எளிதில் தொற்றாது, இருமலில் சுலபமாகப் பிறருக்குப் பரவாது. ஆனால் உள்ளே போய்விட்டால் கொடூரம். 2003 முதல் உலக அளவில் எச்5என்1 உறுதியான 900க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வராததால் உண்மை விகிதம் குறைவாகவே இருக்கலாம்.

பயமெல்லாம் ஒரு கலப்பைப் பற்றித்தான். ஒரே உடம்பில் பறவை வைரஸும் மனித வைரஸும் சந்தித்து மரபணுக்களை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம்.

சந்தையை ஒரேயடியாக மூடிவிடலாமே என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். ஹாங்காங் அப்படிச் செய்யவில்லை. ஊரின் நாக்கோடு பேரம் பேசியது என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பேரம் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. 1998 பிப்ரவரியில் உயிர்க்கோழி திரும்ப வந்தது, ஆனால் வாத்துக்கும் பெருவாத்துக்கும் இடமில்லை. அவற்றைத் தனி இடத்தில் அறுத்துக் குளிர்வித்த இறைச்சியாக விற்கச் செய்தார்கள். 2001இல் வைரஸ் மறுபடி தலைகாட்ட, இன்னொரு 12 லட்சம் பறவைகள் அழிந்தன. அதன்பின் மாதம் ஒரு நாள் எல்லாக் கடைகளும் ஒரே சமயத்தில் காலியாகிக் கழுவப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அடுத்து காடை வெளியேறியது. 2003இல் கோழிகளுக்குத் தடுப்பூசி.

இத்தனைக்குப் பிறகும் 2008 ஜூனில் ஷாம் ஷுய் போ வட்டாரத்துச் சந்தை ஒன்றில் எச்5என்1 சிக்கியது. இந்த முறை அரசு கைவைத்தது கோழிகளின் இரவுத் தங்கலில். இரவு எட்டு மணிக்குள் விற்காத கோழி எதுவும் கடையில் உயிரோடு இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முந்தைய நாள் சரக்கிலிருந்து புதிய சரக்குக்கு வைரஸ் தாவும் சங்கிலியை அறுப்பதுதான் நோக்கம். உரிமத்தைத் திருப்பித் தருவோருக்கு அரசு பணம் கொடுத்தது. வியாபாரிகளில் பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு தொழிலை விட்டார்கள்.

சந்தைதான் கொதிகலன் என்பதற்கு வேறோர் ஊரிலிருந்து சாட்சி வந்தது. 2013இல் சீனாவில் எச்7என்9 என்ற புதிய வகை கிளம்பியபோது, ஷாங்காய் ஏப்ரலில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியது. புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றே போனது. அந்த வைரஸ் கோழியை நோயாளியாக்கவே இல்லை. செத்த கோழியைப் பார்த்து எச்சரிக்கையாகும் பழைய வழி அங்கே உதவவில்லை.

குவாங்டாங் பெருவாத்தின் வைரஸ் வாரிசுகளோ சந்தைகளை விட்டு எப்போதோ கிளம்பிவிட்டன. 2005இல் திபெத் பீடபூமியின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்தன. அவற்றில் அதிகம் வரித்தலை வாத்துகள். நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் பண்ணைகளில் வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது உறுதியானது. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளின் மடியில், பாலில் இருந்தது.

ஹாங்காங்கில் இன்றும் உயிர்க்கோழி கிடைக்கிறது. உள்ளூரில் முப்பது பண்ணைகள் அளவில் மிஞ்சியிருக்கின்றன. விலை அதிகம். வாங்கப் போகிறவர்களுக்கு சுகாதாரத் துறை தரும் அறிவுரைகளில் ஒன்று: கோழியின் பின்புறத்தை ஊதிப் பார்க்காதீர்கள்.